பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பிரேக் சத்தம்: எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

பிரேக்கில் சத்தம் கேட்டவுடன் கொழும்பில் பலர் செய்கிற முதல் வேலை, பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளுக்குப் போய் ஒரு செட் புதுப் பேட் (டிஸ்க்கை அமத்தி நிறுத்தும் உராய்வுக் கட்டை) வாங்கி வருவதுதான். இரண்டு நாள் சத்தம் இருக்காது, மூன்றாம் நாள் அதே கிறீச். அடுத்து சில்லோடு சுற்றும் டிஸ்க் மாறும், அப்புறம் பேட்டை அதில் அமத்தும் கேலிப்பர். கடைசியில் ஒரு நாள், எங்கோ மாட்டிக்கொண்ட ஒரு சின்னக் கல்லோ கேலிப்பர் வழுக்கி நகரும், துருப்பிடித்து இறுகிய ஒரு பின்னோ (pin) அகப்படும்.

தெஹிவளையில் இருந்து ஒரு தம்பி வந்தார். "அண்ணா, மூண்டு செட் பேட் மாத்திட்டன், இன்னும் கத்துது" என்றார். முன் இடது சில்லைக் கழற்றிப் பார்த்தால், டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகரத் தடுப்பின் விளிம்பு வளைந்து டிஸ்க்கில் உரசிக்கொண்டிருந்தது. டிஸ்க்கின் பின்புறம் ஒரு மெல்லிய கோடு பளபளவென்று தெரிந்தது. கையால் தகரத்தை வெளியே வளைத்தோம். ஐந்து நிமிட வேலை. மூன்று செட் பேட்டின் பணமும் வீண்.

அதனால் சத்தம் எந்தச் சில்லில், எந்த நிலையில் வருகிறது என்று தெரியும்வரை ஒரு சாமானும் வாங்க வேண்டாம். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5. ஜப்பானில் இருந்து வந்தவை யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் இருக்கும், இரண்டும் ஒரே கார்தான். அளவுகளை அந்தக் காருக்கே சொல்கிறேன். உங்களிடம் டொயோட்டா எம்ஆர்2, செலிக்கா இருந்தாலும் படிகளின் வரிசை அதேதான். எம்ஜிபி வைத்திருப்பவர்களுக்கு முன்பக்கம் மட்டும் பொருந்தும். அதன் பின்பக்கம் ட்ரம் பிரேக்.

1. முதலில் ஓர் எச்சரிக்கை

பெடல் மெதுவாகக் கீழே இறங்கினாலோ, கார் ஒரு பக்கம் பலமாக இழுத்தாலோ, இரும்போடு இரும்பு அரைபடும் 'கர்ர்' கேட்டாலோ இந்த வழிகாட்டியின் ஓட்டிப் பார்க்கும் படிகளைச் செய்ய வேண்டாம். காரை நிறுத்தி, நேராக 6ஆம் படிக்குப் போங்கள். பேட் முழுதும் தேய்ந்து பின்தகடு டிஸ்க்கைச் சுரண்டும்போது நிற்கும் தூரம் கூடிவிடும். சத்தம் கேட்க என்று காலி வீதியில் (Galle Road) இறங்குவது அப்போது புத்திசாலித்தனம் இல்லை.

2. கையில் இருக்க வேண்டியவை

காரைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1.6 லீட்டர் காரின் முன் டிஸ்க் 235 மிமீ. 1993இல் வந்த 1.8 லீட்டர் காரில் 255 மிமீ. இரண்டின் பேட்டும் வேறு. கார் இங்கே வந்து முப்பது வருடமாகப் பல கை மாறியிருக்கும், யாரோ ஒருவர் பெரிய பிரேக்கை மாற்றிப் போட்டிருக்கலாம். ஆகவே புத்தகத்தை நம்பாமல் சில்லைக் கழற்றும்போது டிஸ்க்கை அளந்து எழுதி வையுங்கள்.

கருவிகள்: நல்ல ஜாக், இரண்டு ஸ்டாண்ட், சில்லுக்கு வைக்கும் தடைக்கட்டைகள், 21 மிமீ சொக்கெட், 14 மிமீ ஸ்பானர், கேலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிளுக்கு ஏற்ற சிறிய ஸ்பானர், 4 மிமீ எலன் கீ, டோர்க் ரென்ச் (இறுக்கும் பலத்தை அளப்பது), வேர்னியர் (தடிப்பு அளப்பது), டோர்ச், கம்பித் தூரிகை, பிரேக் கிளீனர், பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கன் கிரீஸ், ஒரு துண்டு கம்பி, சோக்குக்கட்டி. 4 மிமீ எலன் கீ பின்பக்கத்துக்கு. அது இல்லாமல் தொடங்குகிறவர்கள்தான் பின் கேலிப்பரை உடைக்கிறார்கள். அதை 10ஆம் படியில் சொல்கிறேன்.

முகமூடியும் வேண்டும். பழைய பேட்களில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கலாம். கறுப்புத் தூசியைக் கம்பிரஸர் காற்றால் ஊதக் கூடாது. பிரேக் கிளீனரால் நனைத்து, துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

3. சத்தத்துக்கு ஒரு பெயர் வையுங்கள்

"சத்தம் வருகிறது" என்று மட்டும் சொன்னால் எந்த மெக்கானிக்காலும் உதவ முடியாது. எப்படிப்பட்ட சத்தம் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

மெல்லிய, கூரிய 'கிறீச்': பேட்டும் டிஸ்க்கும் ஒன்றையொன்று பிடித்து விட்டு, பிடித்து விட்டு அதிர்வதால் வருவது. பேட் நன்றாகவே இருக்கலாம், அதைத் தாங்கும் இடங்கள் காய்ந்திருக்கும். அல்லது பேட்டில் உள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொடுகிறது. அந்தத் தகடு பேட் 2, 3 மிமீ ஆகும்போது தொடும்படி வைக்கப்பட்டிருக்கும். பிரேக் பிடிக்காமல் உருளும்போதே கிறீச்சிட்டால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

நிற்கப் போகிற கடைசி அடிகளில் வரும் 'ம்ம்ர்' என்ற முனகல்: குறைந்த வேகத்தில் பேட் ஒட்டி ஒட்டி நழுவுவது. காலி வீதி நெரிசலில் தவழும்போது நன்றாகக் கேட்கும். எரிச்சல் தரும், ஆனால் ஆபத்து குறைவு.

'சர்... சர்... சர்' என்று தாளத்தோடு வருவது: சில்லோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடத்தில் தொடுகிறது.

'டொக்' என்ற ஒற்றை அடி: முன்னால் போய்ப் பின் ரிவர்ஸில் முதல் தடவை பிரேக் பிடிக்கும்போது வந்தால், பேட் தன் இருக்கையில் இடம் மாறுகிறது. சில சமயம் கேலிப்பர் போல்ட் தளர்ந்திருக்கும். சில்லு நட்டும்கூடத் தளர்ந்திருக்கலாம். டொக் கேட்டால் அடுத்த படிக்குப் போகும் முன் நட்டுகளை இறுக்கிப் பாருங்கள். முதலில் இதைப் பார்க்காமல் நாள் முழுக்க வேறு இடம் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, மரைன் டிரைவ் ஓரம் கார் நிறுத்துகிறவர்களின் டிஸ்க்கில் ஒரே இரவில் செம்மஞ்சள் துரு படியும். மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். காலையில் முதல் மூன்று நான்கு பிரேக்குக்கு 'கரகர' என்று கேட்டு, பிறகு இல்லாமல் போனால் அது நோய் இல்லை. அதற்காக எதையும் கழற்ற வேண்டாம்.

4. ஓட்டிப் பார்த்து இடத்தைச் சுருக்குங்கள்

ஞாயிறு அதிகாலை, நெரிசல் இல்லாத நேரம், இரு பக்கமும் மதில் உள்ள ஒழுங்கை ஒன்று. கண்ணாடிகளை இறக்கி, கூரையைத் திறந்து, ரேடியோவை அணையுங்கள். மதிலில் பட்டுத் திரும்பும் சத்தம் திறந்த வீதியில் கேட்பதைவிடத் தெளிவாக இருக்கும். ஒருவரை அருகில் உட்கார வையுங்கள். அவருக்கு இடப்பக்கம், உங்களுக்கு வலப்பக்கம். ஓட்டுகிறவருக்குத் தன் பக்கச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். தனியாகப் போய், வலது சில்லுதான் என்று முடிவுகட்டி ஏமாறுவது அதனால்தான்.

இப்போது ஒவ்வொன்றாக:

பிரேக் தொடாமல் உருளுங்கள். சத்தம் இருந்தால், உரசல் அல்லது பெயரிங். மெதுவாகப் பெடலைத் தொட்டதும் சத்தம் நின்றால், தளர்ந்த பேட் அல்லது எச்சரிக்கைத் தகடு. தொட்டதும் தொடங்கினால், பேட்டும் டிஸ்க்கும்.

பின்னால் ஒரு வாகனமும் இல்லாதபோது 15 கிமீ வேகத்தில் ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அமத்திப் பிடித்தபடி மெதுவாகத் தூக்குங்கள். இந்தக் காரில் ஹேண்ட் பிரேக் பின் கேலிப்பர்களையே பிடிக்கிறது. அதே சத்தம் வந்தால் பின்பக்கம். வராவிட்டால் பெரும்பாலும் முன்பக்கம். பொத்தானை விட்டுவிட்டால் லீவர் மாட்டிக்கொள்ளும், கவனம்.

ரிவர்ஸில் அதே போல் பிடியுங்கள். முன்னால் போகும்போது கத்தி, ரிவர்ஸில் கத்தாவிட்டால் பேட்டின் முன் விளிம்பையும் பேட்டைப் பிடிக்கும் கிளிப்புகளையும் பார்க்க வேண்டும்.

தாளமாக வரும் சத்தத்தை எண்ணுங்கள். இந்தக் காரின் வழக்கமான 185/60 ஆர்14 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் போகும். 20 கிமீ வேகத்தில் செக்கனுக்கு மூன்று சுற்று. சத்தமும் செக்கனுக்கு மூன்று என்றால் சில்லோடு சுற்றும் பொருள்தான். அதைவிட வேகமாக இருந்தால் கியர்பொக்ஸில் இருந்து பின்பக்கம் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் பக்கம் யோசியுங்கள், பிரேக்கை விட்டுவிடுங்கள்.

50 கிமீ வேகத்தில் 'ஊ' என்று ஒரு ஓசை, பிரேக் பிடித்தாலும் விட்டாலும் மாறாமல், ஸ்டியரிங்கை லேசாக இடம் வலம் அசைக்கும்போது கூடிக் குறைகிறதா? அது சில்லு பெயரிங். பேட் மாற்றி அதை நிறுத்த முடியாது.

கண்டதை அப்போதே போனில் குறித்துக்கொள்ளுங்கள்: சூடா குளிரா, நனைந்ததா காய்ந்ததா, முன்னா பின்னா. வீட்டுக்கு வரும்போது மறந்துபோகும்.

5. சூட்டை ஒப்பிடுங்கள்

பதினைந்து நிமிடம் சாதாரணமாக ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஒவ்வொரு சில்லின் நடுவுக்கும் அருகே, தொடாமல், உள்ளங்கையை வையுங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. முன் சில்லுகள் பின்னவற்றைவிடச் சூடாக இருப்பது இயல்பு. முன் இடதும் முன் வலதும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கின்றனவா, பின் இரண்டும் அப்படியா என்பதுதான் கேள்வி. ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சில்லில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சில்லில் சோக்கால் குறியிடுங்கள். தூக்கியதும் முதலில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

கண்டியில் இருந்து கடுகண்ணாவை வழியாக இறங்கிய பிறகு நான்கும் சூடாகத்தான் இருக்கும். இந்தச் சோதனைக்கு மலை இறக்கம் உதவாது, சமதரை வேண்டும்.

6. காரைத் தூக்குவது

தட்டையான, உறுதியான தரை. சில்லு நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்துங்கள், தூக்கிய பிறகு பலம் கொடுத்தால் கார் ஆடும். முன்பக்கம் நடுக் குறுக்குச் சட்டத்திலும், பின்பக்கம் அச்சின் நடுவில் உள்ள டிஃப்பரன்ஷியலுக்கு அடியிலும் ஜாக்கை வைக்கலாம். ஸ்டாண்டுகள் கதவுக்குக் கீழே உள்ள ஜாக் இடங்களில்.

ஸ்டாண்ட் வைக்கும் முன் அந்த இடத்தை விரலால் தட்டிப் பாருங்கள். இந்தக் கார் துருப்பிடிப்பது பின் சில்லுக்கு முன்னால் உள்ள கீழ்ப் பகுதியில்தான். கூரைத் தண்ணீர் வடியும் குழாய் அடைத்தால் தண்ணீர் அங்கேதான் தேங்கும். பொத்தென்று கேட்டாலோ பெயின்ட் கொப்பளித்திருந்தாலோ அங்கே காரின் பாரத்தை ஏற்றாதீர்கள்.

செங்கல், சீமெந்துக் கல், கபூக் கல் எதுவும் ஸ்டாண்ட் ஆகாது. சொல்லாமலே உடையும். ஜாக்கை மட்டும் நம்பி உள்ளே கை விடவும் கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பின்பக்கம் பார்க்கும்போது ஹேண்ட் பிரேக் விடுபட்டிருக்க வேண்டும், ஆகவே முன் சில்லுகளுக்கு இருபுறமும் தடைக்கட்டை.

7. கழற்றும் முன் கையால் சுற்றுங்கள்

சில்லு இருக்கும்போதே சுற்றிப் பாருங்கள், கியர் நியூட்ரலில். முன் சில்லு லேசான 'ஷ்ஷ்' ஓசையுடன் ஒரு சுற்றாவது தானாகப் போக வேண்டும். பின்னது டிஃப்பரன்ஷியலோடு சேர்ந்து சுற்றுவதால் கனமாக இருக்கும், அது சரி.

மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். 'டக்' என்று ஆட்டம் தெரிந்தால் பெயரிங் அல்லது பால் ஜொயின்ட்.

சூடாக இருந்த சில்லில் ஒரு சோதனை. ஒருவரைப் பெடலை அமத்தி விடச் சொல்லுங்கள். விட்டதும் சில்லு உடனே சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் கேலிப்பரின் காற்று எடுக்கும் நிப்பிளை, ஒரு குழாயைப் போத்தலுக்குள் விட்டு, கொஞ்சம் திறவுங்கள். பிரேக் ஒயில் பீறி வந்து சில்லு விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. அநேகமாக கேலிப்பருக்கு ஒயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி ஒரு வழிக் கதவாகிவிட்டது. மற்றப் பக்கச் சில்லும் அப்படியே இறுகியிருந்தால், பெடலோடு சேர்ந்து அழுத்தம் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர். நிப்பிளைத் திறந்தும் விடுபடாவிட்டால் கோளாறு பேட்டை அமத்தும் பிஸ்டனில் அல்லது கேலிப்பர் நகரும் பின்னில். இந்த ஒரு சோதனை, கேலிப்பர் வாங்குவதா ஹோஸ் வாங்குவதா என்பதைத் தீர்த்துவிடும். வெளியில் நன்றாகத் தெரியும் ஹோஸ்கூட முப்பது வருடத்தில் உள்ளே கெட்டிருக்கும்.

பிறகு சில்லைக் கழற்றி, டோர்ச்சோடு தகரத் தடுப்பைச் சுற்றிப் பாருங்கள். கல் மாட்டியிருக்கிறதா? விளிம்பில் பளபளப்பு இருக்கிறதா? தெஹிவளைத் தம்பியின் கதை இந்த இடத்தில் முடிந்திருக்கும்.

8. பேட் சொல்லும் கதை

கேலிப்பரின் ஒரு போல்ட்டைக் கழற்றினால் மற்றதைச் சுற்றி அதைத் தூக்கலாம். கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். மறுபக்கம் எப்படிப் பூட்டியிருந்தது என்று பார்க்க ஒரு மாதிரி வேண்டும்.

பேட்களைத் தரையில் வரிசையாக வைத்து, உள், வெளி என்று முதுகில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் உராயும் பகுதியின் தடிப்பை இரு முனையிலும் வேர்னியரால் அளவிடுங்கள். 3 மிமீக்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள், இங்குள்ள நெரிசலில் அது வேகமாகக் கரையும்.

அளவைவிடத் தேய்ந்த விதம் முக்கியம். உள் பேட் அதிகம் தேய்ந்திருந்தால் பிஸ்டன் பின்வாங்கவில்லை, அல்லது கேலிப்பர் பின்களில் நகரவில்லை. வெளிப் பேட் அதிகம் தேய்ந்திருந்தால் பின்கள். ஒரு முனை தடித்து மறு முனை மெலிந்து ஆப்புப் போல இருந்தால் ஒரு பின் மட்டும் இறுகியிருக்கிறது. இந்த நிலையில் புதுப் பேட் போட்டாலும் அதே வடிவில் தேய்ந்து அதே குரலில் கத்தும்.

முகம் கண்ணாடி போல மினுங்கினால் சூட்டில் இறுகியிருக்கிறது. தட்டையான பலகையில் அரத்தாளை வைத்து, நனைத்து, நாலைந்து தடவை தேய்த்து மினுக்கத்தை எடுக்கலாம். ஒயிலோ கிரீஸோ ஊறியிருந்தால் கழுவிப் பயனில்லை, எறிந்துவிட்டு ஒயில் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

பேட்டின் முதுகில் மெல்லிய தகடு, அதாவது ஷிம், இருக்கிறதா? இரண்டு பேட்டையும் விரித்துப் பிடிக்கும் கம்பி ஸ்பிரிங் இருக்கிறதா? அவசரத்தில் வேலை செய்தவர்கள் இந்தச் சின்னச் சாமான்களைக் குப்பையில் போட்டிருப்பார்கள். என் காரை வாங்கியபோது முன்பக்கத்தில் ஒரு ஷிம்கூட இல்லை. அதிர்வை அடக்குவது அந்தத் தகடுதான். அது போனால் மிக நல்ல பேட்டும் கத்தும்.

9. டிஸ்க், பின்கள், பேட் உட்காரும் இடம்

டிஸ்க்கில் அல்லது அதன் நடுக் கிண்ணத்தில் குறைந்தபட்சத் தடிப்பு பொறித்திருக்கும், கம்பித் தூரிகையால் துருவை எடுத்தால் தெரியும். வெளி விளிம்பில் மேடு இருந்தால் வேர்னியர் மேட்டைத்தான் அளக்கும். மேட்டைத் தாண்டி உள்ளே, நாலைந்து இடத்தில் அளவிடுங்கள். குறைந்தபட்சத்துக்கு நெருங்கிய டிஸ்க்கை லேத்தில் கடையக் கொடுக்காதீர்கள். மிச்சம் இருப்பதும் போய்விடும்.

பெடல் துடிக்கிறது, தாளமாகச் சத்தம் வருகிறது என்றால் டிஸ்க் கோணிவிட்டது என்று உடனே சொல்வார்கள். பல தடவை டிஸ்க்கில் ஒரு குறையும் இருக்காது. ஹப்புக்கும் (டிஸ்க்கும் சில்லும் பூட்டப்படும் நடுப்பகுதி) டிஸ்க்குக்கும் நடுவில் ஒரு செதில் துரு இருக்கும். நடுவில் மயிரிழை அளவு சாய்ந்தாலும் விளிம்பில் அது பெரிதாகிவிடும். டிஸ்க்கின் ஆட்டம் 0.1 மிமீக்குள் இருக்க வேண்டும். எனவே டிஸ்க்கைக் கழற்றி, ஹப் முகத்தை வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்துப் பிறகு சோதியுங்கள். உப்புக் காற்று உள்ள ஊரில் இது புதுச் சாமான் வாங்குவதைவிட அதிகம் பலன் தந்திருக்கிறது.

பின்களை இழுங்கள். விரலால் தள்ளினால் எண்ணெயில் போவது போல நகர வேண்டும். வராவிட்டால் முறுக்கி முறுக்கி எடுங்கள். பழைய கிரீஸ் காப்பிக் களி போலக் காய்ந்திருக்கும். பின்னையும் துளையையும் கழுவி, சிலிக்கன் கிரீஸை மெல்லிய பூச்சாக. சாதாரண பெயரிங் கிரீஸ் போட்டால் ரப்பர் வீங்கி, ஆறு மாதத்தில் பின் மறுபடி இறுகும். அதிகம் திணித்தாலும் காற்று அடைபட்டுப் பின் உள்ளே போகாது. இரண்டு பின்களும் வேறு வேறாக இருக்கலாம், எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பேட்டின் இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் உட்காரும் இடத்தில் துரு மேடு கட்டியிருக்கும். கிளிப்பைக் கழற்றி, அதன் அடியில் உள்ள துருவைச் சுரண்டுங்கள். பேட் கையால் வைத்தாலே நழுவி உட்கார வேண்டும். சுத்தியலால் தட்டி இறக்க வேண்டியிருந்தால், பிரேக்கை விட்ட பிறகும் அது திரும்பி வராது.

10. பின்பக்கம்: புதியவர்கள் அதிகம் சேதப்படுத்தும் இடம்

முன் கேலிப்பரின் பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து அமத்தினால் உள்ளே போகும். பின்னது போகாது. ஹேண்ட் பிரேக்கின் திருகு பொறி அந்தப் பிஸ்டனுக்குள்ளே இருக்கிறது. பலம் கொடுத்து அமத்தினால் அந்தப் பொறி கெடும், பிறகு கேலிப்பரையே மாற்ற வேண்டும்.

கேலிப்பரின் பின்புறத்தில், ஹேண்ட் பிரேக் கைக்குப் பக்கத்தில், 14 மிமீ தலையுள்ள ஒரு போல்ட் இருக்கும். அது எதையும் பிடித்திருக்கும் போல்ட் இல்லை, ஒரு மூடி. கழற்றினால் உள்ளே ஒரு குழி, அதன் அடியில் 4 மிமீ எலன் கீ நுழையும் இடம். முதல் தடவை டோர்ச் அடித்துப் பாருங்கள். தூசியும் கிரீஸும் நிரம்பியிருந்தால் சுத்தம் செய்தபின்தான் கீ முழுதாக உட்காரும், அரைகுறையாக நுழைத்துத் திருகினால் முனை வழுக்கிவிடும். ஹேண்ட் பிரேக் விடுபட்டிருக்க வேண்டும். கீயை இடஞ்சுழியாகத் திருக, பிஸ்டன் மெல்ல உள்ளே போகும்.

பேட் போட்டுப் பூட்டிய பிறகு வலஞ்சுழியாகத் திருகுங்கள், பேட்கள் டிஸ்க்கை இறுகப் பிடித்துச் சுற்ற முடியாமல் போகும்வரை. அங்கிருந்து மூன்றில் ஒரு சுற்றுப் பின்னால் எடுங்கள். டிஸ்க் சுற்ற வேண்டும். மூடியைப் பூட்டுங்கள். இரண்டு பக்கமும் இப்படிச் செய்த பிறகே கேபிளைத் தொடலாம். லீவர் 5 முதல் 7 சொடுக்கில் பிடித்தால் போதும்.

ஹேண்ட் பிரேக் தளர்ந்ததும் கேபிளை மட்டும் இறுக்கிவிடுவது பல கராஜில் நடக்கும். கேபிள் இழுபட்டே இருப்பதால் கேலிப்பர்க் கை முழுதாகத் திரும்பாது, பேட் உரசியபடியே இருக்கும், பின்பக்கம் கிறீச்சிடும். என் காரில் அதுதான் நடந்திருந்தது. பேட் மாற்றியும் போகாத சத்தம், கேபிளைத் தளர்த்தி எலன் கீயால் சரிசெய்ததும் அடங்கியது.

11. இப்போது வாங்குங்கள்

இந்த இடத்துக்கு வரும்போது என்ன வேண்டும் என்று தெரிந்திருக்கும். பஞ்சிகாவத்தைக்குப் பழைய பேட்டையும் டிஸ்க் அளவையும் எடுத்துக்கொண்டு போங்கள். காரின் பெயரை மட்டும் சொன்னால் 1.6க்கு 1.8இன் பேட் கைக்கு வரும். பழையதன் மேல் புதியதை வைத்து, பின்தகட்டின் காதுகள் பொருந்துகின்றனவா என்று கடை வாசலிலேயே பாருங்கள். ஷிம், கிளிப், கேலிப்பர்ப் பின்னின் ரப்பர் கிடைக்குமா என்று கேளுங்கள். பேட்டை விட இவற்றைத் தேடுவதுதான் கஷ்டம்.

ஸ்போர்ட்ஸ் கார் என்பதற்காக ரேஸ் பேட் வாங்குகிறார்கள். அது சூடேறிய பின் பிடிக்கச் செய்தது. பொரளைச் சந்தியில் குளிர்ந்த நிலையில் அது சரியாகப் பிடிக்காது, கத்தவும் கத்தும், டிஸ்க்கையும் தின்னும். தினமும் நகரத்தில் ஓடும் காருக்குச் சாதாரண வீதிப் பேட்தான் என் முடிவு. பேட்டோ டிஸ்க்கோ, ஒரு அச்சுக்கு இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

12. பூட்டுதல்

பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் பிரேக் ஒயில் தொட்டியின் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். நிரம்பியிருந்தால் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள், வழிந்தால் பெயின்ட்டைத் தின்றுவிடும். நிரப்புவதென்றால் டாட் 3 அல்லது டாட் 4. சிலிக்கன் வகையான டாட் 5ஐ இதோடு கலக்கக் கூடாது. திறந்து பல மாதமான போத்தலையும் ஊற்ற வேண்டாம், நம் ஈரக் காற்றில் அது தண்ணீரை இழுத்திருக்கும்.

கிரீஸ் மூன்று இடத்தில் மட்டும்: பேட்டின் காதுகள், பிஸ்டனும் கேலிப்பரும் பேட்டின் முதுகைத் தொடும் இடம், பின்கள். ஒரு தடவை அரிசி மணி அளவு. உராயும் முகத்தில் ஒரு துளி பட்டாலும் கழுவாமல் பூட்டாதீர்கள்.

சில்லு நட்டுகளைக் குறுக்கு வரிசையில், ஒன்றுக்கு அடுத்து அதற்கு எதிரே உள்ளதாக, 110 நியூட்டன் மீட்டர் வரை. காற்றுத் துப்பாக்கியால் ஆளுக்கொரு அளவில் இறுக்கினால் டிஸ்க் கோணலாக அழுந்தி, ஹப்பைத் தேய்த்த வேலை எல்லாம் வீணாகும்.

காரை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை அமத்தி, அது கெட்டியாகும்வரை காத்திருங்கள். பிஸ்டன் பின்னால் தள்ளப்பட்டிருப்பதால் முதல் அமத்தலில் பிரேக் இருக்காது. இதை மறந்து மதிலில் போய் இடித்தவர்கள் உண்டு.

13. பேட்டைப் பழக்குதல்

புதுப் பேட் டிஸ்க்கில் சீராகப் படிய வேண்டும். காலையில் காலியான, பின்னால் வாகனம் இல்லாத வீதியில், 50 கிமீயில் இருந்து 15 கிமீக்கு நடுத்தர அழுத்தத்தில் எட்டுப் பத்துத் தடவை. ஒவ்வொன்றுக்கும் இடையில் கொஞ்சம் ஓடவிடுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். சூடான பேட்டை ஓர் இடத்தில் அமத்திப் பிடித்தால் அந்த இடத்தில் பேட்டின் படிவு ஒட்டி, துடிப்பு தொடங்கும். அதனால் முடித்ததும் பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள், நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் கியரில் விடுங்கள்.

100 கிமீ ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். அன்றே 5ஆம் படியின் சூட்டுச் சோதனையையும் ஒரு தடவை செய்யுங்கள். சத்தம் மீண்டும் வந்தால் போனில் எழுதிய குறிப்பை எடுத்து ஒப்பிடுங்கள். அதே சில்லு, அதே குரல் என்றால் 9ஆம் படிக்கு. வேறு சில்லு என்றால், பெரிய சத்தத்தின் மறைவில் இதுவரை கேட்காமல் இருந்த இன்னொன்று. அதற்கு 3ஆம் படியிலிருந்து.